விரைவுச் சாலையும் வீடிழந்தோரும்

சாலை நாகரிகத்தின் அடையாளமென்பர். சாலையில்லாத நாட்டில் விளைந்த நெல் நல்ல விலைக்குப் போவதில்லை; நோயாளி வைத்தியரிடம் உரிய காலத்தில் போய்ச் சேருவதில்லை; கல்வியும் வர்த்தகமும் ஊருக்குள் எளிதில் நுழைவதில்லை. ஆகையால் சாலை அமைப்பது நற்காரியம் என்பதைப்பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் இருக்க நியாயமில்லை. ஆனால் ஓர் ஊரையும் மற்றோர் ஊரையும் சேர்ப்பதற்கும் சாலையென்று பெயர். ஓர் ஊரின் நடுவே புகுந்து, அதனை இரு கூறாக வெட்டிவிட்டு, நில்லாமல் அப்பால் போவதற்கும் சாலையென்றே பெயர். பெயர் ஒன்றாயிருப்பதுபற்றி இவ்விரண்டும் ஒரே காரியமென்று நாம் மயங்கலாகாது. முதலாவதனால் அவ்வூரார் பயனடைகின்றனர். இரண்டாவதிலோ பயனடைகிறவர் ஒருவர். விலை கொடுக்கிறவர் வேறொருவர்.

இந்த வேற்றுமையை ஐயத்துக்கிடமின்றிக் காட்டும் சாலை ஒன்று அமெரிக்காவில், நியூயார்க் நகரத்தில் இருக்கிறது. அந்நகரத்தின் வடபாகமாகிய பிராங்க்ஸ் என்னும் பகுதியைக் கிழக்கு மேற்காக அறுத்துக்கொண்டு செல்லும் அதற்கு கிராஸ் பிராங்க்ஸ் எக்ஸ்பிரஸ்வே என்று பெயர். நீளம் சுமார் 7 மைல்தான். 1948-ம் வருஷத்தில் வேலை தொடங்கியது. 1955 முதல் பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டது. 1963-ல் ஹார்லெம் நதியின் மேல் கட்டப்பட்ட புதுப் பாலத்தோடு இணைந்தது. அறுபது வருஷங்களுக்கு முன் அயல்நாட்டில் போட்ட சாலையைப்பற்றி நமக்கென்ன கவலையென்று வாசகர் கேட்கலாம். நம் நாட்டிலும் இன்று பெருநகரங்கள்தோறும் விரைவுச் சாலைகளும் மேம்பாலச் சாலைகளும் எழும்பிக்கொண்டிருக்கின்றன. பிறர் பட்டுத் தெளிந்ததை நாம் கேட்டுத் தெளிந்துகொள்வது நஷ்டமில்லாத படிப்பல்லவா?

வண்டிக்குள்ளிருந்து

அந்தச் சாலையில் மோட்டார் வண்டி ஓட்டிச் செல்லும் ஒருவரை மனத்தில் நினைத்துக் கொள்வோம். அவர் நியூஜெர்ஸி மாகாணத்திலிருந்து, 1931-ல் திறக்கப்பட்ட ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தின் வழியாக ஹட்ஸன் நதியைக் கடக்கிறார். மன்ஹாட்டன் தீவின் குறுகிய வடமுனையைச் சில நிமிஷங்களில் தாண்டுகிறார். அங்கே சாலை ஒரு பள்ளத்தில் இறங்குகிறது. பள்ளத்தின்மீதே 32 மாடிகள் கொண்ட நான்கு குடியிருப்புக் கட்டிடங்கள் 1960-களில் எழுப்பப்பட்டன. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அந்தக் கட்டிடங்களில் வசிக்கின்றன. வண்டிகளின் புகையும் இரைச்சலும் இடைவெளிகளின் வழியாக மேலே எழுந்து அவர்களுடைய ஜன்னல்களுக்குள் புகுகின்றன. கீழே செல்லுகிறவருக்கோ அது ஒரு குகைபோல் தோன்றுகிறது. சற்று நேரம் இருட்டு, பிறகு வெளிச்சம். அவ்வளவுதான்.

ஹார்லெம் நதியைக் கடந்ததும் பிராங்க்ஸ் தொடங்குகிறது. சாலை மறுபடியும் பள்ளத்தில் இறங்கி, சில இடங்களில் தூண்களின் மேல் ஏறிச் செல்கிறது. பள்ளத்தில் இருபுறமும் பாறையும் சுவரும். தலைக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்குப் பாலங்கள். ஒவ்வொரு பாலமும் முன்பு ஒரு தெருவாக இருந்தது என்பது வண்டியோட்டிக்குத் தெரியாது. இந்தச் சாலை குறுக்கிட்ட தெருக்கள் மொத்தம் 113. கிராண்ட் கான்கோர்ஸ் என்னும் அகன்ற வீதியையும், அவ்வீதிக்குக் கீழே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சுரங்க ரயிலையும் கெடுக்காமல், அவ்விரண்டுக்கும் அடியில் இச்சாலையைச் செலுத்தினார்கள். எஞ்சினீயர்களின் திறமைக்கு அது ஒரு பெருஞ்சான்று என்பதை மறுப்பதற்கில்லை.

வண்டியோட்டிக்கு இவையெல்லாம் தென்படுவதில்லை. அவருக்குத் தென்படுவன வழிகாட்டும் பலகைகள், முன்செல்லும் லாரியின் பின்புறம், கடிகாரம் ஆகிய மூன்றே. தெற்கே பிளோரிடாவிலிருந்து வடக்கே மெய்ன் வரையில் அமெரிக்காவின் கீழ்க்கரையோரம் செல்லும் பெருஞ்சாலையின் ஓர் அங்கமாதலால், இதில் சரக்கு லாரிகளுக்குக் குறைவேயில்லை. நாட்டிலேயே மிகவும் நெரிசலான சாலைகளின் ஜாபிதாவில் இதன் பெயர் பல தடவை முன்வரிசையில் வந்திருக்கிறது. விரைவுச் சாலையென்று பெயர் பெற்றதில் வண்டிகள் நத்தைபோல் ஊர்கின்றன. பல வேளைகளில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, சக்கரம் ஓடாமல் நிற்கின்றன. அப்போது வண்டியோட்டி, இந்த நகரத்தை விட்டு எப்போது வெளியேறுவோமென்று சலித்துக்கொள்கிறார். அவருக்கு அது அரைமணி நேரக் கஷ்டம். பள்ளத்தின் மேற்கரையிலுள்ள வீட்டுக்காரருக்கோ அது ஆயுட்காலக் கஷ்டம்.

ஈஸ்ட் டிரெமான்ட்

இந்தச் சாலையில் ஒரு மைல் நீளமுள்ள ஒரு பகுதியின் கதையை மட்டும் இங்கே சற்று விரிவாகச் சொல்லுவோம். ஈஸ்ட் டிரெமான்ட் என்பது அவ்விடத்தின் பெயர். சுமார் 60,000 ஜனங்கள் வாழ்ந்த பேட்டை அது. அவர்களிற் பெரும்பாலோர் கிழக்கு ஐரோப்பாவில் கொடுமைகளுக்கு ஆளாகி அமெரிக்காவை அடைந்த யூதர்களும் அவர்களுடைய சந்ததியாரும் ஆவர். முதலில் மன்ஹாட்டனின் கீழ்ப்பாகத்தில் காற்றும் வெளிச்சமுமில்லாத இருட்டறைகளில் குடியிருந்து, தையல் முதலான தொழில்களில் பாடுபட்டுச் சற்றே நிமிர்ந்த பிறகு இவ்விடம் வந்தவர்கள். இங்கே வாடகை குறைவு, அறைகள் விசாலமானவை, தொழிலுக்குப் போக ரயில் வசதி உண்டு, குழந்தைகள் விளையாடவும் முதியோர் உட்கார்ந்து பேசவும் குரோட்டோனா பூங்கா அருகிலேயே இருந்தது. ஆடம்பரமில்லாத வாழ்க்கை, ஆனால் அக்கம்பக்கத்தாரை அறிந்து வாழும் வாழ்க்கை.

1952-ம் வருஷம் டிசம்பர் மாதம் 4-ந் தேதியிட்ட கடிதங்கள் அவர்களுக்கு வந்தன. உங்கள் கட்டிடம் சாலையின் பாதையில் இருக்கிறது. 90 நாட்களில் வீட்டைக் காலிசெய்ய வேண்டும் என்பது அவற்றின் சாரம். அந்த ஒரு மைலில் மட்டும் 54 அடுக்குமாடிக் கட்டிடங்கள்; அவற்றில் 1,530 குடும்பங்கள். அக்காலத்தில் நியூயார்க்கில் வீடு கிடைப்பது அரிது; கிடைத்தாலும் அதே வாடகைக்குக் கிடைக்காது. சொந்த வீடுகூட இல்லாத வாடகைக் குடிகளுக்கு, நிலத்தின் விலையென்று ஒரு காசும் வராது. 90 நாட்களில் அவர்கள் எங்கே போவார்கள்?

கடிதத்தை அனுப்பியவர் ராபர்ட் மோஸஸ் என்பவர். 1934-ல் நியூயார்க் மாகாணக் கவர்னர் பதவிக்குப் போட்டியிட்டுப் படுதோல்வியடைந்தார். ஜனங்களின் வோட்டினால் அவர் எந்தப் பதவிக்கும் வந்ததில்லை. ஆனால் நியமனத்தினால் ஒரே சமயத்தில் பன்னிரண்டு பதவிகள் வரையில் வகித்து, சுமார் 40 வருஷ காலம் அந்நகரத்தின் பாலங்களையும் பூங்காக்களையும் சாலைகளையும் தம் விருப்பப்படி அமைத்தவர் அவர். அவருடைய உழைப்பும் நிர்வாகத் திறமையும் மெச்சத்தக்கன. அவர் அமைத்த கடற்கரைகளிலும் நீச்சற் குளங்களிலும் லட்சக்கணக்கானவர்கள் இன்பம் துய்த்தனர். இதையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. எனினும், கட்டிடங்கள் நெருங்கிய பெருநகரத்தில் காரியம் நடக்கவேண்டுமானால் இறைச்சிக் கோடரியால் வெட்டிக்கொண்டுதான் போகவேண்டுமென்று வெளிப்படையாகவே பேசியவரும் அவரே. இன்னொரு விந்தையும் உண்டு. நகரமெங்கும் மோட்டார் சாலை போட்ட அந்த மனிதர் தம் வாழ்நாளில் மோட்டார் ஓட்டக் கற்றுக்கொள்ளவே இல்லை. அவருடைய வண்டியைச் சம்பளக்காரர் ஓட்டினார். அவர் பின்னால் அமர்ந்து கடிதங்கள் எழுதினார். நெரிசலில் தவிக்கும் வண்டியோட்டியின் கஷ்டமும் அவருக்குத் தெரியாது; சாலையோரத்தில் வசிப்பவரின் கஷ்டமும் தெரியாது.

இரண்டு தெரு தள்ளி

ஈஸ்ட் டிரெமான்ட்வாசிகள் அழுது ஓய்ந்துவிடவில்லை. ஓர் இல்லத்தரசி முன்னின்று அண்டை அயலாரைச் சங்கமாகத் திரட்டினார். கூட்டங்கள் நடந்தன, பஸ்களில் ஏறி நகர மண்டபத்துக்குத் தூது போயினர். அவர்கள் சாலையே வேண்டாமென்று சொன்னார்களில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எஞ்சினீயர்களின் உதவியைக்கொண்டு வேறொரு பாதையையும் வரைந்து காட்டினார்கள். பாதையை இரண்டே தெருக்கள் தெற்கே தள்ளி, பூங்காவின் ஓரமாகச் செலுத்தினால், அந்த 54 பெருங்கட்டிடங்களையும் தொடவேண்டியதில்லை. ஆறு சிறு கட்டிடங்களை இடித்தாற் போதும். சாலை வளைவதற்குப் பதிலாகச் சற்று நேராகவே அமையும். ராபர்ட் காரோ என்பவர் 1974-ல் வெளியிட்ட மோஸஸின் சரித்திரத்தில் இந்த விவரங்களை விஸ்தாரமாக ஆராய்ந்திருக்கிறார்.

மறுப்பதற்கு என்ன காரணமென்று அந்த ஜனங்கள் கேட்டார்கள். அவர்களுக்குத் திருப்தியான விடை கடைசிவரையில் கிடைக்கவில்லை. ராபர்ட் வாக்னர் என்பவர் 1953-ல் மேயர் தேர்தலுக்கு நின்றபோது அவர்கள் கட்சியை ஆதரிப்பதாக வாக்களித்தார். மேயரான பின் மோஸஸின் பாதைக்கே நகர சபையின் சம்மதம் கிடைத்தது. இதில் நமக்குள்ள பாடம் மிக முக்கியமானது. ஒரு நாட்டில் ஜனநாயகம் இருக்கலாம், தேர்தல் நடக்கலாம், பத்திரிகைச் சுதந்திரமும் இருக்கலாம். ஆயினும் கோடு வரைகிறவர் எவருக்கும் கணக்குச் சொல்லவேண்டியதில்லை என்று ஏற்பட்டுவிட்டால், அந்தக் கோட்டின் கீழ் அகப்பட்ட பிரஜைக்கு ஜனநாயகம் இருந்தும் இல்லாததே. கடிதம் வந்த பிறகு எழுப்பும் குரல் காலங்கடந்த குரல். கோடு வரைவதற்கு முன்னரே கேட்கப்படும் குரல்தான் குரல்.

1,530 குடும்பங்களும் கலைந்தன. பாறையை வெடிவைத்துப் பிளக்கும் அதிர்ச்சியும் தூசியும் வருஷக்கணக்கில் நீடித்தன. வீடிழந்தவர்களின் துயரம் கணக்கிலாவது ஏறியது. அவர்களுக்கு அப்பால், சாலையோரத்தில் வீடு மிஞ்சியவர்களின் நஷ்டமோ எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. வாடிக்கைக்காரர்கள் போய்விட்டதால் கடைகள் மூடப்பட்டன. எதிர்ப்புறத்துத் தெரு அயலூராகிவிட்டது. பெயர முடிந்தவர்கள் பெயர்ந்தார்கள், முடியாதவர்கள் தங்கினார்கள். காலியான வீடுகளுக்குத் தங்களினும் ஏழைகள் குடிவந்தார்கள். வீட்டுச் சொந்தக்காரர்கள் பழுதுபார்ப்பதை நிறுத்தினார்கள்.

1970-களில் பிராங்க்ஸின் தென்பகுதி தீக்கிரையாயிற்று. 1970-க்கும் 1980-க்கும் இடையில் பிராங்க்ஸின் ஜனத்தொகை சுமார் 3 லட்சம் குறைந்துபோயிற்று. இந்த நாசத்துக்கெல்லாம் சாலை ஒன்றே காரணமென்று சொல்லுவது பிசகு. கடன் கொடுக்க மறுத்த பாங்கிகள், இன்ஷியூரன்ஸ் பணத்துக்காகத் தங்கள் கட்டிடத்துக்குத் தாங்களே தீ வைத்த சொந்தக்காரர்கள், செலவைக் குறைக்கத் தீயணைப்பு நிலையங்களை மூடிய நகர நிர்வாகம் ஆகிய பல காரணங்கள் கூடின. ஆனால் நோய் தாக்குவதற்கு முன்பே உடல் பலவீனப்பட்டிருந்தது. அந்தப் பலவீனத்துக்கு இந்தச் சாலை ஒரு முக்கிய காரணம் என்பதில் ஐயமில்லை.

புகையின் கணக்கு

சாலையின் தீமை கட்டிடம் இடிந்ததோடு தீர்ந்துவிடவில்லை. டீஸல் லாரிகளிலிருந்து வெளிப்படும் நுண்ணிய கரித்துகள் மூக்கினால் வடிக்கப்படாமல் நுரையீரலின் ஆழத்துக்குச் செல்வது. பெருஞ்சாலைக்குச் சில நூறு கஜ தூரத்துக்குள் இந்த நச்சு அதிகமாயும், விலக விலகக் குறைந்தும் இருப்பதைப் பல நாட்டு ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. இத்தகைய சாலைகளுக்கருகே வளரும் குழந்தைகளுக்கு ஆஸ்துமா என்னும் இழுப்பு நோய் அதிகமாக வருவதும் நிச்சயமாகியிருக்கிறது. நியூயார்க்கில் அந்நோய் மிகவும் கொடியதாயுள்ள பகுதி பிராங்க்ஸ்தான். இரவு முழுதும் ஓயாத இரைச்சலினால் தூக்கம் கெடுவதும், தூக்கம் கெடுவதனால் இருதயம் கெடுவதும் இப்போது வைத்திய சாஸ்திரத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயங்கள்.

இங்கே ஒரு நியாயக்கேடு இருக்கிறது. பள்ளத்தில் செல்லும் வண்டிகளிற் பெரும்பாலானவை அந்தப் பேட்டையைச் சேர்ந்தவை அல்ல. சாலையோரத்து ஏழைகளில் மோட்டார் வண்டி இல்லாத குடும்பங்கள் அனேகம். புகையை உண்டாக்குகிறவர் அதைச் சுவாசிப்பதில்லை; சுவாசிக்கிறவர் உண்டாக்குவதில்லை. வண்டியோட்டி மிச்சப்படுத்தும் நிமிஷங்களை எண்ணுவதற்குப் போக்குவரத்து நிபுணர்களிடம் கணித முறை உண்டு. ஆஸ்பத்திரியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இரவைக் கழிக்கும் தாய் இழந்த மணிகளை எண்ணுவதற்கு அவர்களுடைய பேரேட்டில் பத்தியில்லை. வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கணக்கு லாபம் காட்டாமல் வேறென்ன காட்டும்?

இந்தக் கேடு ஒரு நகரத்தோடு நிற்கவில்லை. 1956-ல் அமெரிக்கக் காங்கிரஸ் 41,000 மைல் நீளத்துக்குப் பெருஞ்சாலைகள் அமைக்கச் சட்டமியற்றியது. செலவில் நூற்றுக்கு 90 பங்கை மத்திய சர்க்கார் ஏற்றது. பத்து டாலர் சாலை ஒரு டாலருக்குக் கிடைக்கையில் எந்த நகரம் வேண்டாமென்னும்? பாதையை எங்கே போடுவது என்ற கேள்வி எழுந்தபோது, நிலம் மலிவாயும் எதிர்ப்பு மெலிவாயும் உள்ள இடம் தேடப்பட்டது. ஸெயின்ட் பால் நகரில் ராண்டோ, நியூ ஆர்லியன்ஸில் கிளெய்போர்ன் வீதி, மயாமியில் ஓவர்டவுன் என்று நீக்ரோ மக்கள் தங்கள் உழைப்பால் வளர்த்த பேட்டைகள் பல இவ்வாறு பிளக்கப்பட்டன. 2015-ல் ஸெயின்ட் பால் மேயர் ராண்டோவாசிகளிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கேட்டது பெருந்தன்மையே. ஆனால் கலைந்துபோன கடைவீதி மன்னிப்பினால் மீண்டு வருவதில்லை.

மறுபக்கத்து வாதம்

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டும். லாரிகளை விரட்டிவிட்டால் நகரத்துக்குச் சோறு எப்படி வருமென்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. நியூயார்க்குக்குக் காய்கறியும் பழமும் மீனும் இறைச்சியும் பெருமளவில் வழங்கும் ஹன்ட்ஸ் பாயின்ட் சந்தை பிராங்க்ஸிலேயே இருக்கிறது. அங்கே வரும் லாரிகளுக்கு வழி வேண்டும். பெருநகரத்துக்குப் பெருஞ்சாலை வேண்டியதில்லையென்று நாம் வாதிக்கவில்லை. எங்கே, எவ்வாறு, யாரைக் கேட்டு என்பவையே நம் கேள்விகள். ஈஸ்ட் டிரெமான்ட்டில் சாலைக்கும் வீட்டுக்கும் சண்டை இருக்கவில்லை. சாலையும் வேண்டும், வீடும் நிற்கவேண்டும் என்று சொன்னவர்கள் அந்த ஏழைகள். அதற்கு வழியும் காட்டினார்கள்.

மேலும், சாலையை அகலமாக்கினால் நெரிசல் தீருமென்ற நம்பிக்கையையும் அனுபவம் பொய்யாக்கியிருக்கிறது. நியூயார்க்கில் நெரிசல் தீர்வதற்காக 1936-ல் டிரைபரோ பாலம் திறக்கப்பட்டது, அது நிரம்பியது. அதன் பாரத்தைக் குறைக்க 1939-ல் பிராங்க்ஸ்-வைட்ஸ்டோன் பாலம் திறக்கப்பட்டது, அதுவும் நிரம்பியது, பழைய பாலத்திலும் கூட்டம் குறையவில்லை. வழி எளிதானால் முன்பு ரயிலில் போனவனும் வண்டி வாங்குகிறான். முன்பு போகாதவனும் புறப்படுகிறான். ஏரியின் மடையைப் பெரிதாக்கினால் தண்ணீர் அதிகமாகப் பாயுமேயன்றி ஏரியின் நீர் பெருகிவிடுமா? ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் செலவிடாமல் சாலைக்கே செலவிட்டுக்கொண்டு, ஏன் நெரிசல் தீரவில்லையென்று வியப்பதிற் பயனில்லை.

எதிர்த்து நின்று வென்ற ஊர்களும் உண்டு. மன்ஹாட்டனின் கீழ்ப்பாகத்தைக் குறுக்கே வெட்ட மோஸஸ் போட்ட மற்றொரு விரைவுச் சாலைத் திட்டத்தை, ஜேன் ஜேக்கப்ஸ் அம்மையார் முதலியோர் எதிர்த்து 1962-ல் தடுத்தனர். மீண்டும் தலையெடுத்த அத்திட்டம் 1969-ல் கைவிடப்பட்டது. ஸான் பிரான்ஸிஸ்கோ நகர சபை 1959-லேயே ஜனங்களின் எதிர்ப்புக்கு இணங்கிப் பல விரைவுச் சாலைகளை ரத்துசெய்தது. அதற்குள் கட்டப்பட்டுவிட்ட எம்பார்க்கடெரோ மேம்பாலச் சாலை 1989-ம் வருஷத்துப் பூகம்பத்தில் பழுதுற்றது. 1991-ல் அதனை இடித்தபின் நகரம் தன் கடற்கரையை மறுபடி கண்டது. தென்கொரியாவின் தலைநகரான ஸியோலில், சியோங்கியேசியோன் என்னும் ஓடையை மூடி அதன்மீது எழுப்பிய மேம்பாலச் சாலையை 2003-ல் இடிக்கத் தொடங்கி, 2005-ல் 5.8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடையைத் திறந்துவிட்டார்கள். நகரத்தின் போக்குவரத்து அதனால் ஸ்தம்பித்துவிடவில்லை. ஆனால் அங்கும் சிறு வியாபாரிகள் இடம்பெயர நேர்ந்தது. நல்ல காரியத்தையும் ஏழைகளின் தலையில் கைவைத்தே செய்யும் பழக்கம் எங்கும் எளிதில் போவதில்லை.

பிராங்க்ஸிலும் பரிகாரத்தைப்பற்றிய பேச்சு எழுந்திருக்கிறது. பெருஞ்சாலைகளால் பிளவுண்ட பேட்டைகளை மறுபடி இணைப்பதற்கென்று 2021-ல் அமெரிக்கச் சர்க்கார் சட்டமியற்றி 100 கோடி டாலர் ஒதுக்கியது. 2022 டிசம்பரில் கிராஸ் பிராங்க்ஸ் சாலையைப்பற்றி ஆராய 20 லட்சம் டாலர் வழங்கப்பட்டது. பள்ளத்தின் சில பகுதிகளின்மேல் தளம் போட்டுப் பூங்கா அமைக்கலாமென்பது அங்குள்ளவர்கள் கூறும் யோசனைகளில் ஒன்று. வெட்டுவதற்குக் கோடரி ஒன்றே போதியதாயிருந்தது. ஒட்டுவதற்கு எத்தனை சட்டங்கள், எத்தனை கோடிகள் வேண்டியிருக்கின்றன பாருங்கள்!

நம் கதை

நிற்க. நம் சென்னையிலும் இத்தகைய சாலை ஒன்று எழும்பவேண்டுமென்று நெடுநாள் முயற்சி நடந்து வருகிறது. துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரையில், பெரும்பகுதி கூவம் ஆற்றையொட்டிச் செல்லும் சுமார் 20 கிலோமீட்டர் மேம்பாலச் சாலையைத்தான் குறிப்பிடுகிறோம். 2009-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆற்றின் போக்குக்கு இடையூறென்று 2012-ல் வேலை நின்றது. அரைகுறையாக எழும்பிய தூண்கள் வருஷக்கணக்கில் ஆற்றோரத்தில் நின்றன. 2022 மே மாதத்தில் ஈரடுக்குப் பாலமாக அதற்கு மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. துறைமுகத்து லாரிகள் நகரத் தெருக்களில் மணிக்கணக்கில் காத்துக்கிடக்கும் அவதியை அறிந்தவர்கள், இந்தச் சாலையின் அவசியத்தை எளிதில் மறுக்கமாட்டார்கள். நாமும் மறுக்கவில்லை.

ஆனால் கூவக்கரைக் குடும்பங்களின் கதை நமக்குத் தெரியாததன்று. ஆற்றைச் சீர்திருத்துவதற்காகவும் பிற வேலைகளுக்காகவும் அவர்கள் நகரின் தென்கோடிக்கு அப்பாலுள்ள பெரும்பாக்கம் முதலிய இடங்களுக்குக் கொண்டுபோய் விடப்பட்டார்கள். தலைக்கு மேல் கூரை கிடைத்தது வாஸ்தவம். ஆனால் வீட்டுவேலைக்கும், மூட்டை தூக்கவும், தள்ளுவண்டியில் வியாபாரம் செய்யவும் நகரத்தின் நடுவில் இருந்தவர்களுக்கு, பிழைப்பு ஓரிடமும் படுக்கை ஓரிடமுமாகப் போயிற்று. ஈஸ்ட் டிரெமான்ட் குடிகளுக்காவது வாடகைச் சீட்டு இருந்தது. நம் கரையோரத்து ஏழைக்கு அதுவுமில்லை. சீட்டில்லாதவனுடைய நஷ்டத்தை எழுதுவோர் யார்?

சட்டம் துணைசெய்யுமென்று நம்பலாமா? நிலம் எடுப்பதுபற்றி 2013-ல் இயற்றப்பட்ட சட்டம் மிகவும் உயர்ந்த கொள்கை ஒன்றை வகுத்தது: நிலத்தை எடுக்குமுன், அதனால் ஜனசமூகத்துக்கு ஏற்படும் பாதிப்பை ஆராய்ந்து, பாதிக்கப்படுவோரைக் கூட்டிவைத்துக் கேட்கவேண்டும் என்பதே அது. ஆனால் அதே சட்டம் 1956-ம் வருஷத்துத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தை விலக்கு ஜாபிதாவில் சேர்த்துவிட்டது. பின்னர் 2015-ல் பிறந்த உத்தரவினால் நஷ்டஈடும் மறுவாழ்வும் நெடுஞ்சாலைகளுக்கும் உரியனவாயின. பாதிப்பைப்பற்றிய விசாரணையோ உரியதாகவில்லை. அதாவது, எவ்வளவு கொடுப்பதென்று கேட்கலாம். எடுப்பது நியாயமா, வேறு வழி உண்டா என்று முன்கூட்டிக் கேட்பதற்கு இடமில்லை. ஈஸ்ட் டிரெமான்ட்டில் மூடப்பட்ட கதவு இதுவேயல்லவா?

செய்யவேண்டியவை

ஆகவே நகரத்தின் நடுவே போடப்படும் ஒவ்வொரு பெருஞ்சாலைக்கும் மூன்று நியதிகள் வேண்டுமென்று வற்புறுத்துகிறோம். முதலாவது, கோடு வரையும்போதே, பரிசீலிக்கப்பட்ட எல்லாப் பாதைகளையும், ஒவ்வொன்றிலும் இடியக்கூடிய வீடுகளின் தொகையையும், ஒன்றைத் தள்ளி மற்றொன்றைக் கொண்ட காரணத்தையும் தமிழில் அச்சிட்டு அந்தந்தப் பேட்டையில் வெளியிட வேண்டும். ஆட்சேபங்களைப் பகிரங்கக் கூட்டத்தில் கேட்டு எழுத்தில் விடை கூற வேண்டும். 2013-ம் வருஷத்துச் சட்டத்திலுள்ள விசாரணை முறை, விலக்கு நீக்கப்பட்டு, நெடுஞ்சாலைகளுக்கும் பொருந்த வேண்டும். இரண்டாவது, பெயர்க்கப்படும் குடும்பத்துக்குப் பிழைப்புக்கு எட்டும் தூரத்தில் வீடு கட்டிச் சாவியைக் கையில் கொடுத்த பிறகே பழைய வீட்டில் கடப்பாறை விழ வேண்டும். பட்டா இல்லையென்பதை ஒரு சாக்காகச் சொல்லலாகாது. மூன்றாவது, சாலை திறந்த பின் காற்றையும் இரைச்சலையும் சாலையோரத்து வீடுகளின் ஜன்னலில் வைத்து அளந்து, மாதந்தோறும் வெளியிட வேண்டும். அளவு மீறினால் லாரிகளின் நேரத்தையும் வேகத்தையும் கட்டுப்படுத்த வேண்டும்.

இவற்றால் வேலை தாமதப்படுமென்று அதிகாரிகள் சொல்லலாம். சில மாதங்கள் தாமதப்படலாம். 90 நாட்களில் காலிசெய்யச் சொன்ன அவசரத்தின் பலனை பிராங்க்ஸ் 70 வருஷங்களுக்குப் பின்னும் அனுபவித்து வருகிறது என்பதை அவர்கள் நினைவில் வைக்க வேண்டும். நாளை சென்னையின் மேம்பாலத்தில் ஏறி, கூவத்தையும் கூரைகளையும் கீழே விட்டு, சில நிமிஷங்களில் மதுரவாயலை அடையப்போகும் ஒவ்வொருவரும், தமக்கு மிச்சமான நேரத்தை யார் கொடுத்தார்கள் என்று கேட்கும் கடமையுடையவர். அந்தக் கேள்விக்குத் தலைகுனியாமல் விடைசொல்லத்தக்க முறையில் சாலையை அமைப்பதே சுதந்திர நாட்டின் சர்க்காருக்கு அழகு.